காத்து ஓசிதானுங்க!

கோயமுத்தூர்க்காரர்களுக்கு இயற்கையே ஒரு ராட்சஸ எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிக் கொடுத்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்! மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு சந்து. ஆனி, ஆடியில் அந்த வழியாக வருகிற காற்றில் பல்லடம், உடுமலை காற்றாலைகள் சுற்றும். மொட்டை மாடி வேட்டி அடுத்த தெருவுக்குக் குடித்தனம் போகும்.

வீட்டுக்குள்? ஜன்னல் பூரா சாத்தி, சீலிங் ஃபேன் அஞ்சாம் நம்பரில்! கேட்டால் பகலில் தூசி, சாயங்காலம் கொசு, ராத்திரி திருடன். மிச்ச நேரத்துக்கு எதிர்வீட்டு மாமி.

அந்தக் காலத்துத் தொட்டிக்கட்டு வீட்டில் இந்த வம்பு கிடையாது. நடுவில் வானம் பார்த்த வாசல். சூடான காற்று தானாக மேலே போகும், ஆசாரத்தில் தாத்தா குறட்டை விடுவார். ஸ்விட்சே இல்லாததால் யாரும் ஆஃப் பண்ண முடியவில்லை.

இப்போது பீளமேட்டில் நாலு பேச்சலர்கள் சேர்ந்து போர்ஷன் எடுத்தால், சமையலறை ஃபேனைப் பார்த்ததுமே வீட்டுக்காரர் பதறுவார்.

"அதெல்லாம் எதுக்குங்க தம்பி? கரண்டு பில்லு எகிறிப் போகுமுங்க!"

40 வாட் ஃபேன் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 2.4 யூனிட். அவர் கேட்டில் ராத்திரி பூரா எரிகிற 9 வாட் பல்பு இதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் தின்னும்!

நிஜக் காரணம், அது போடுகிற 'டர்ர்ர்' சத்தம். மிளகாய் தாளித்துத் தும்மல் வந்தால் போடுவோம். தும்மல் நின்றதும் ஆஃப். மூக்குக்குத் தெரிந்தால்தான் நமக்குக் காற்றோட்ட ஞாபகமே வரும்.

மூக்குக்குத் தெரியாத சமாசாரம்தான் வயிற்றைக் கலக்குகிறது. பாத்ரூமுக்குள் கேஸ் கீஸர். மார்கழிக் குளிருக்குப் பயந்து வென்டிலேட்டரைக் காலண்டர் அட்டையால் அடைத்துவிட்டு, துரை அரை மணி நேரம் பாட்டோடு குளிப்பார். உள்ளே ஆக்ஸிஜன் குறையக் குறைய கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்ஸைடு கிளம்பும். நிறமில்லை, வாசனையில்லை. சிலிண்டர் கசிந்தால் நாறுவதற்கென்றே அதில் ஒரு மருந்து கலக்கிறார்கள். இதற்கு அந்த உபகாரமும் கிடையாது. தலை சுற்றும், கால் துவளும், தாழ்ப்பாள் எட்டாது. நம் நாட்டில் இப்படிப் போனவர்கள் ஒருவர் இருவரில்லை.

கீஸரை வெளிச் சுவரில் மாட்டிக் குழாயை மட்டும் உள்ளே விடச் சொல்லுங்க. முதலில் அந்த அட்டையைப் பிடுங்குங்க. சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரர் விடமாட்டாரா? அடுப்பில் வெந்நீர் வைத்து வாளியில் தூக்கிப் போங்க. ஜன்னலை ஒரு சாண் திறந்து, அந்த 'டர்ர்ர்' ஃபேனையும் போட்டுட்டுத்தானுங்க!