வழியும் மாடியும்

நகரத்து நிலத்தைப் பயன்பாட்டுக்கு ஏற்ப வகுத்தல் மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை அன்று. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இருகூறாய் நின்றதையும், அவற்றிடையே நாளங்காடி அமைந்ததையும் மாணவர் அறிவர். இக்கால வலயப் பகுப்போ ஒரு படி மேற்சென்று, இன்ன நிலத்தில் இத்துணை உயரத்திற்குக் கட்டலாம் என்பதையும் விதிக்கின்றது. அதில் ஓர் எண் மாறின் காணியின் விலை மாறும்; அங்கு வாழ்வோரின் வாழ்வும் மாறும்.

இருப்புப்பாதையும் பேருந்துத் தடமும் செல்லும் வழியோரத்தில் தொடர்மாடிகளுக்கு இடமளித்தல் வேண்டும் என்பது நகரமைப்பு வல்லுநர் கொள்கை. அது நற்கொள்கையே. பிரேசில் நாட்டுக் குரிடிபா நகரம், 1966ஆம் ஆண்டுத் திட்டத்தின் வழியே உயர்ந்த கட்டடங்களைச் சில நெடுந்தடங்களின் ஓரத்திற்கு உரியனவாக்கி, 1974இல் அத்தடங்களிற் பேருந்துகளுக்கெனத் தனிவழியும் திறந்தது. நிலையத்திற்கு நடந்து செல்லும் தொலைவிற் பலர் குடியிருப்பின் ஊர்தி நிறையும்; தெருவின் நெரிசல் தணியும்.

கொழும்பில் நிகழ்ந்தது யாது? கோட்டையிலிருந்து மாலபே வரை ஏறத்தாழ 16 கிலோமீற்றர் நீளத்திற்கு இலகு ரயில் அமைக்க, 2019 மார்ச்சில் ஜப்பானுடன் கடன் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 2020 செப்டெம்பரில் அரசு அதனைக் கைவிட்டது. ரயில் வரவில்லை, அது செல்லவிருந்த இராஜகிரிய, பத்தரமுல்லைப் பக்கங்களில் மாடிகள் எழுந்துள்ளன. அவற்றில் வாழ்வோரின் கார்கள் பழைய தெருக்களிலேயே இறங்குகின்றன. வழி முந்துதல் வேண்டும், மாடி பிந்துதல் வேண்டும் என்னும் முறை பிறழ்ந்ததன் பயன் இது. வரைபடத்திற் கீறிய கோடு எவரையும் ஏற்றிச் செல்வதில்லை.

இனி, உயரும் விலை எவர்க்கு உரியது? பொதுப்பணத்திற் பாதை அமைகின்றது. வர்த்தமானியில் ஒரு வரி மாறுகின்றது. உரிமையாளர் ஒரு கல்லும் எடுத்து வையாமலே காணியின் பெறுமதி பெருகுகின்றது. தமிழ்நாட்டில் 2019இல் வந்த கட்டட விதிகள், இயல்பாக அனுமதித்த தளப்பரப்புக்கு மேல் வேண்டுவோர் அரசுக்குக் கட்டணம் செலுத்திப் பெறுமாறு வகுத்துள்ளன. பொதுவில் விளைந்த ஆதாயத்தில் ஒரு பங்கு பொதுவுக்கு மீள்வது நீதியே. ஆயினும் அப்பங்கு கருவூலத்திற் கலந்து மறைதல் ஆகாது. அவ்வழியோரத்திலேயே எளியோர்க்கு வீடாதல் வேண்டும்.

எளியோர்க்குத்தான் மாடிகள் கட்டப்படுகின்றனவே என்பாரும் உளர். மெய்தான். 2001இற் பொரளையில் சகஸ்புர எழுந்தது. 2010இன் பின்னர் நகர அபிவிருத்தி அதிகாரசபை தெமட்டகொடை முதலிய இடங்களிற் பல மாடிகளைக் கட்டி, கொழும்பில் 'தோட்டம்' என வழங்கும் நெருக்கக் குடியிருப்புகளில் வாழ்ந்தோரை அங்கு குடியேற்றியது. கூரையும் குழாய்நீரும் கிடைத்தமை பெரும்பேறே. ஆனால் வாசலில் இடியப்பம் அவித்து விற்ற பெண், பத்தாம் மாடியில் எவர்க்கு விற்பாள்? வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. பிழைப்புக்கு அணித்தாய் இருத்தலும் அதன் இலக்கணமே.

இதிற் பல்லேபொலவுக்கு என்ன என வினவலாம். இருப்புப்பாதை 1880இல் மாத்தளைக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. ஆயினும் நம் பள்ளிகளிற் கற்ற பிள்ளைகளிற் பலர் தொழில் தேடிச் செல்லுமிடம் கொழும்பு. அவர்கள் தொழிலகத்துக்கு அருகே ஓர் அறை பெறுவரா, நகருக்கு அப்பால் தங்கி நாள்தோறும் பல நாழிகையைப் பேருந்தில் இழப்பரா என்பதை அந்த எண்களே தீர்மானிக்கும்.

ஆதலின், உயரத்தை மாற்றுமுன் அரசு மூன்றை உறுதி செய்வதாக: ஊர்தி ஓடத் தொடங்கல், பெருகிய விலையிற் பொதுப்பங்கு பெறல், முன்னிருந்தோர்க்கு அதே வழியோரத்தில் இடம் தரல். இம்மூன்றும் இன்றி எழும் மாடி, நிலமுடையார்க்கு வளம்; நகருக்குச் சுமை.