மராத்தியர் யார், எதை வைத்து எண்ணுவது? சிஞ்ச்வட்டும் அயர்லாந்தும் காட்டும் கணக்கு

2025 ஜூன் கடைசியில், மும்பையை ஒட்டிய மீரா ரோட்டில் ஒரு கடைக்காரர் அறை வாங்கினார். மராத்தி விஷயத்தில் எதிர்த்துப் பேசினார் என்பதுதான் காரணம். அடித்தவர்கள் மகாராஷ்டிர நவநிர்மாண் சேனையின் தொண்டர்கள். அந்த வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்கும்.

சுமார் மூன்று வாரம் கழித்து, ஜூலை 19 அன்று, அயர்லாந்துத் தலைநகர் டப்ளினை ஒட்டிய டாலாவில் ஓர் இந்தியரை ஒரு கும்பல் தாக்கியது. அவர் வேலைக்காக அங்கே போய்ச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஆகஸ்ட் 1 அன்று, எச்சரிக்கையாக இருக்கும்படி அங்குள்ள இந்தியர்களுக்கு இந்தியத் தூதரகம் அறிவுறுத்தியது.

இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஒன்று மொழியின் பெயரால், மற்றொன்று வந்தேறி வெறுப்பால் நடந்தது. ஆனால் இரண்டின் அடியிலும் இருப்பது ஒரே கேள்வி: இந்த ஊர்க்காரர் என்று யாரைச் சொல்வது? மொழியையா, பிறப்பையா, பழகும் பண்பாட்டையா, எதை வைத்து?

அடையாளத்தைப் பற்றி எல்லோரும் உணர்ச்சியோடு பேசுகிறார்கள். நாம் கொஞ்சம் எண்களோடு பேசிப் பார்ப்போம்.

சிஞ்ச்வட்டை ஏன் பார்க்க வேண்டும்?

புனேவுக்கு வடமேற்கே, பவனா ஆற்றங்கரையில் இருக்கும் பழைய கோயில் ஊர் சிஞ்ச்வட். 1954இல் பக்கத்து ஊரான பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் வந்தது. பின்னாலேயே பஜாஜ், டாடா என்று ஆலைகள் வரிசைகட்டின. 1970இல் சில ஊர்களைச் சேர்த்து பிம்ப்ரி-சிஞ்ச்வட் நகராட்சி ஆனது, 1982இல் மாநகராட்சி ஆனது.

மக்கள்தொகையைப் பாருங்கள். 1971 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. 1991இல் சுமார் 5.17 லட்சம், 2001இல் சுமார் 10 லட்சம், 2011இல் 17.27 லட்சம். நாற்பது ஆண்டில் இப்படி வீங்கும் ஊர் சொந்தப் பிள்ளைகளால் மட்டும் வளர முடியாது. பிரிவினையில் வந்த சிந்திகள், விதர்பா, மராத்வாடாவிலிருந்து வந்த மராத்தியர்கள், உத்தரப் பிரதேசம், பீகார், கேரளம், தமிழ்நாடு, கர்நாடகம் என்று பல பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்த ஊர் இது.

அப்போ மராத்தி கரைஞ்சு போச்சா? இங்கேதான் எண்கள் ஆச்சரியப்படுத்துகின்றன.

மகாராஷ்டிரத்தில் மராத்தியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2001இல் 68.8%, 2011இல் 68.9%. பத்து ஆண்டில் அசையவே இல்லை. அதே காலத்தில் ஹிந்தியின் பங்கு சுமார் 11 சதவீதத்திலிருந்து 12.9 சதவீதத்துக்கு ஏறியது. அதாவது ஹிந்தி வளர்ந்தது உண்மை. ஆனால் அந்த வளர்ச்சி மராத்தியின் பங்கைத் தின்றுவிடவில்லை. தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் மாநிலம் முழுக்கச் சேர்த்து சுமார் 5 லட்சம் பேர்.

இது 2011ஓடு நிற்கும் கணக்கு. அதற்குப் பிறகு 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அதனால் இன்று 'மராத்தி அழிகிறது' என்பவரும் 'அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்பவரும் பதினைந்து ஆண்டுப் பழைய எண்ணை வைத்துக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள்.

இந்த எண் உண்மையில் எதை எண்ணுகிறது?

நம் கணக்கெடுப்பு உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறது. உங்கள் தாய்மொழி என்ன, வேறு எந்த மொழிகள் தெரியும் (அதிகபட்சம் இரண்டு). தாய்மொழி என்றால், குழந்தைப் பருவத்தில் தாய் உங்களிடம் பேசிய மொழி.

திருநெல்வேலியிலிருந்து வந்த பெற்றோருக்கு சிஞ்ச்வட்டில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பள்ளியில் மராத்தி படித்தாள், தோழிகளோடு மராத்தியில் சண்டை போடுகிறாள், கணபதி ஊர்வலத்தில் டோல் வாசிக்கிறாள். கணக்கெடுப்பில் அவள் தமிழ். அவள் நாள் முழுக்க எந்த மொழியில் வாழ்கிறாள் என்ற கேள்விக்குப் படிவத்தில் இடமே இல்லை.

தமிழ் வாசகர்களுக்கு இது எளிதாகப் புரியும். பெங்களூருவில் மராத்தி பேசும் குடும்பத்தில் பிறந்த சிவாஜி ராவ் கெய்க்வாட், தாய்மொழிக் கணக்கில் மராத்தியர். அவரை நாம் ரஜினிகாந்த் என்கிறோம். 17ஆம் நூற்றாண்டில் தஞ்சைக்கு வந்த மராத்தியர்களின் வழிவந்தோர் பலர் இன்றும் வீட்டில் ஒரு வகை மராத்தி பேசுகிறார்கள். தெருவில் இறங்கினால் அவர்களும் தஞ்சாவூர்க்காரர்கள்தான். தாய்மொழிப் பட்டியலில் இந்த இரட்டை வாழ்க்கை தெரியாது.

அயர்லாந்து இதில் என்ன சொல்லித் தருகிறது?

அயர்லாந்தின் கணக்கெடுப்பு வேறு மாதிரி கேட்கிறது: உங்களுக்கு ஐரிஷ் பேச வருமா? எவ்வளவு அடிக்கடி பேசுகிறீர்கள்?

பதில் கன்னத்தில் அறைகிற மாதிரி இருக்கும். 2022இல் 'பேச வரும்' என்றவர்கள் 18,73,997 பேர், சுமார் 40%. பள்ளி, கல்லூரிக்கு வெளியே தினமும் பேசுபவர்கள் 71,968 பேர் மட்டுமே. பேச வரும் என்ற நூறு பேரில் நான்கு பேர்கூட இல்லை. இந்தத் தினசரிக் கணக்கு 2011இல் 77,185, 2016இல் 73,803. அதாவது தெரிந்தவர்கள் கூடியிருக்கிறார்கள், பேசுபவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

1922இல் தனி அரசு அமைந்தபிறகு அவர்கள் ஐரிஷைப் பள்ளியில் கட்டாயமாக்கினார்கள். ஐரிஷில் தேறினால்தான் பள்ளி இறுதிச் சான்றிதழ் என்ற விதி 1973 வரை இருந்தது. ஒரு நூற்றாண்டு முயற்சியில் மொழியை அறிந்தவர்கள் கிடைத்தார்கள். வீட்டிலும் கடையிலும் அதைப் பேசுபவர்களைக் கட்டாயத்தால் உருவாக்க முடியவில்லை.

ஆனால் ஐரிஷ் அடையாளம் செத்துவிட்டதா என்றால், இல்லை. 1884இல் தொடங்கிய கேலிக் விளையாட்டுக் கழகத்தின் கிளைகள் இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஹர்லிங் மட்டையைப் பிடிக்க உங்கள் பாட்டி எந்த மொழி பேசினார் என்று யாரும் கேட்பதில்லை. 2020இல், கொரோனா இடைவெளிக்காக, அந்தக் கழகத்தின் தலைமை மைதானமான குரோக் பார்க்கில் முஸ்லிம்கள் பக்ரீத் தொழுகை நடத்தினார்கள். கத்தோலிக்கர் என்றால்தான் ஐரிஷ்காரர் என்றிருந்த நாட்டில், கத்தோலிக்கரின் பங்கு 2016இல் 79 சதவீதமாக இருந்து 2022இல் 69 சதவீதமாக இறங்கியது. யாருடைய ஐரிஷ்தன்மையும் அதோடு சேர்ந்து இறங்கிவிடவில்லை.

மகாராஷ்டிரத்துக்காரர்களுக்கு நெருக்கமான ஓர் உதாரணமும் உண்டு. இரண்டு முறை அயர்லாந்துப் பிரதமராக இருந்த லியோ வரத்கரின் தந்தை மும்பையிலிருந்து போன மருத்துவர். குடும்பத்தின் பூர்வீகம் சிந்துதுர்க் மாவட்டத்தின் வராட் கிராமம். மகன் வளர்ந்தபிறகு ஐரிஷ் கற்றுக்கொண்டு பொதுமேடையில் பேசினார்.

அதற்காக அயர்லாந்து சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே மக்களில் ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். இந்தியக் குடிமக்கள் மட்டும் 45,000க்கும் மேல். வீட்டு வாடகை எகிற எகிற, 'இவர்கள் வந்ததால்தான்' என்ற குரலும் சேர்ந்து எகிறுகிறது. பிரதமர் நாற்காலி வரை திறந்த கதவு, டாலா தெருவில் ஓர் இந்தியருக்குத் திறக்கவில்லை.

சிஞ்ச்வட்டின் கதவுகள் எவை?

முதல் கதவு மோரயா. 'கண்பதி பப்பா மோரயா' என்று நாடே முழங்கும் அந்தக் கடைசிச் சொல், சிஞ்ச்வட்டில் சமாதி கொண்ட மோரயா கோசாவி என்ற பக்தரின் பெயர் என்பது பரவலான நம்பிக்கை. அவருடைய குடும்பம் இன்றைய கர்நாடகத்தின் பீதர் பக்கத்திலிருந்து வந்தது என்று ஒரு மரபுக்கதை சொல்கிறது. அது சரியென்றால், மராத்திப் பண்பாட்டின் மிகப் பெரிய முழக்கத்தில் ஒலிப்பது வெளியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் பெயர்.

கணபதி விழாவை 1893இல் திலகர் பெரிய அளவில் வீதிக்குக் கொண்டுவந்தார். (முந்தைய ஆண்டே பாவு ரங்காரி தொடங்கிவிட்டார் என்ற வாதமும் உண்டு.) அதே 1893இல்தான் டப்ளினில் ஐரிஷ் மொழியை மீட்க டக்ளஸ் ஹைடும் நண்பர்களும் கேலிக் லீக்கைத் தொடங்கினார்கள். ஒரே பேரரசின் கீழ் இருந்த இரண்டு ஊர்கள், தாங்கள் யார் என்பதை ஒரே ஆண்டில் பண்பாட்டின் வழியாகச் சொல்ல ஆரம்பித்தன.

இன்று அந்த விழாவின் உயிர் டோல்-தாஷா குழுக்கள். சதுர்த்திக்குப் பல வாரம் முன்பே மாலை நேரத்தில் பாலத்தடியிலும் மைதானத்திலும் பயிற்சி தொடங்கிவிடும். கல்லூரி மாணவிகள், ஐடி ஊழியர்கள், ஆலைத் தொழிலாளர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். கட்டளைகள் மராத்தியில் வரும். தாளம் பிடிக்க வேண்டுமென்றால் மொழியும் கூடவே பிடிபடும்.

இரண்டாவது கதவு வாரி. துக்காராமின் ஊரான தேஹு பக்கத்தில்தான் இருக்கிறது. பண்டரிபுரம் போகும் அவருடைய பல்லக்கு ஆக்குர்டியில் ஓர் இரவு தங்கும். வழிநெடுக வாரகரிகளுக்குத் தண்ணீரும் சாப்பாடும் கொடுப்பவர்களிடம் யாரும் சாதிச் சான்றிதழோ தாய்மொழியோ கேட்பதில்லை.

மூன்றாவது கதவைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அதே தேஹு ரோட்டில் 1954 டிசம்பர் 25 அன்று அம்பேத்கர் புத்தர் சிலையை நிறுவினார். கணபதி மண்டபத்தில் தனக்கு இடமில்லை என்று உணரும் மராத்தியருக்கு, இது இன்னொரு மராத்தி அடையாளம். அதே அளவு மராத்தி, அதே அளவு மண்.

ஆக, 'மராத்திப் பண்பாடு' என்று ஒற்றைப் பொருள் ஒன்று கிடையாது. மதம், சாதி என்ற வாசல்படிகள் இந்தக் கதவுகளிலும் உண்டு. ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு டோல் குழுவின் கதவு எவ்வளவு அகலம் என்பது நியாயமான கேள்வி. எல்லோரும் படியேறாமல் நுழையக்கூடிய ஒரே கதவு மொழிதான்.

அப்போ சட்டம் போட்டா சரியாகிடுமா?

சட்டங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. 2020இல் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மராத்தி கட்டாயமானது. 2022இல் சிறிய கடைகளுக்கும் மராத்திப் பெயர்ப்பலகை கட்டாயமானது. அடுத்த ஆண்டு, பலகையை மாற்ற உச்ச நீதிமன்றம் வியாபாரிகளுக்கு இரண்டு மாத அவகாசம் கொடுத்தது. 2024 அக்டோபர் 3 அன்று மராத்திக்குச் செம்மொழித் தகுதி கிடைத்தது.

பிறகு 2025 ஏப்ரலில், முதல் வகுப்பிலிருந்தே ஹிந்தி மூன்றாம் மொழி என்ற அரசாணை வந்தது. எதிர்ப்பு கிளம்ப, ஜூன் 17 அன்று அதைத் தளர்த்தினார்கள், ஜூன் 29 அன்று முழுவதும் திரும்பப் பெற்றார்கள். ஜூலை 5 அன்று உத்தவ், ராஜ் தாக்கரே இருவரும் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே அரசியல் மேடையில் நின்றார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து பார்க்கும்போது அந்த எதிர்ப்பு நியாயமாகவே படும். ஆறு வயதுக் குழந்தைக்கு எந்த மொழி தேவை என்பதை அந்த மாநிலம் தீர்மானிக்க வேண்டும். ஆனால் அந்த நியாயத்துக்கும் கடைக்காரரின் கன்னத்தில் விழுந்த அறைக்கும் நடுவே ஒரு கோடு உண்டு. 1966இல் சிவசேனை தொடங்கியபோது மும்பைத் தமிழர்கள் அந்தக் கோட்டின் தவறான பக்கத்தில் நின்றவர்கள். நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அயர்லாந்தின் கணக்கை சிஞ்ச்வட்டுக்குப் பொருத்தினால் கிடைப்பது இதுதான்: பலகையும் தேர்வும் ஒரு மொழியைத் தெரிய வைக்கும். அதைப் பேச வைப்பது, பேசினால் வேலை நடக்கும் இடங்கள். பக்கத்து ஹிஞ்சவடி ஐடி பூங்காவில் மீட்டிங் ஆங்கிலத்திலும் டீக்கடைப் பேச்சு ஹிந்தியிலும் ஓடினால், செம்மொழித் தகுதியால் ஒரு வாக்கியம்கூடக் கூடப்போவதில்லை. விழா பத்து நாள்தான். மீதி 355 நாளில் மராத்திக்கு எங்கே வேலை இருக்கிறது என்பதுதான் கேள்வி.

நீங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒன்று, அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதன் குறிப்புத் தேதி 2027 மார்ச் 1. புதிய மொழிக் கணக்கு வெளிவரும் நாளில் இரண்டு தரப்பும் தாய்மொழி சதவீதத்தைத்தான் தூக்கிக்கொண்டு ஓடிவரும். நீங்கள் இன்னொரு எண்ணைத் தேடுங்கள்: வேறு தாய்மொழி கொண்டவர்களில் எத்தனை பேர் மராத்தியை இரண்டாம், மூன்றாம் மொழியாகச் சொன்னார்கள்? அது ஏறியிருந்தால் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு, பெரியவர்கள் மராத்தி கற்க வழி. வேலை முடிந்து வரும் தொழிலாளிக்கு, அவர் தெருவிலேயே, காசில்லாமல் ஒரு மாலை வகுப்பு இருக்கிறதா? பேசத் தெரியாதவரை மிரட்டும் எந்தக் கட்சியிடமும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

மூன்று, இதே கணக்கை நம் வீட்டுக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலை செய்யும் பீகார், ஒடிசாத் தொழிலாளியின் பிள்ளை இன்று தமிழ்ப் பள்ளியில் உட்கார்ந்திருக்கிறது. நம் படிவத்தில் அந்தப் பிள்ளை ஹிந்தி என்றோ ஒடியா என்றோ பதிவாகும். தமிழில் சிரித்து, தமிழில் கோபப்பட்டு வளரப்போகும் அந்தப் பிள்ளையை நாம் என்னவென்று கூப்பிடப்போகிறோம் என்பது எந்தப் படிவத்திலும் அச்சாகவில்லை.