கடன் கொடுக்கிற சங்கம் போதாது, வீடு கட்டுற சங்கம் வேணும்!



வடசேரியில் கடை வேலைக்கும் ஆசாரிப்பள்ளத்தில் ஆஸ்பத்திரி வேலைக்கும் போறவங்க சம்பளத்தில் முதலில் எடுத்து வைக்கிறது வீட்டு வாடகைதான். சொந்தமா கட்டலாம்னா, சென்ட் விலையைக் கேட்டாலே மலைப்பா இருக்கு.

2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் 100-க்கு 82 பேர் நகர்ப்பகுதியில் வாழ்கிறோம். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் கடல். நடுவில் இருக்கிற நாஞ்சில் நாட்டு வயல்களும் பிளாட் ஆகிக்கிட்டிருக்கு. ஆளுக்கு அஞ்சு சென்ட், ஆளுக்கொரு காம்பவுண்டு சுவர்னு போனா வயலும் மிஞ்சாது, எல்லாருக்கும் வீடும் கிடைக்காது.

மாற்று வழி, கூட்டுறவு வீடு.

"அந்தச் சங்கம்தான் ஏற்கனவே இருக்கே?" என்பீர்கள். இருக்கு. ஆனால் பெரும்பாலும் கடன் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. மனையே இல்லாதவர் என்ன செய்வார்?

சென்னை அடையாறு காந்தி நகர், 1940-களின் இறுதியில் கூட்டுறவுச் சங்கம் உருவாக்கிய குடியிருப்பு. நடுத்தர மக்களுக்கு நல்ல வீடு கிடைத்தது. ஆனால் மனைகள் தனித்தனி சொத்தாகின. இன்னைக்கு ஒரு பள்ளி ஆசிரியர் அங்கே இடம் வாங்க முடியுமா? பலன் முதலில் வந்தவங்களோட நின்னுபோச்சு.

அதனால், நிலமும் கட்டடமும் சங்கத்தின் பேரிலேயே இருக்கணும். உறுப்பினர் பங்குத்தொகை கட்டுவார். மாதாமாதம் கடன் தவணைக்கும் பராமரிப்புக்கும் ஆகிற பணத்தை மட்டும் கொடுப்பார். காலி செய்தால் பங்குத்தொகை திரும்ப வரும், வீடு அடுத்த உறுப்பினருக்குப் போகும். ஒருவருக்கு ஒரு ஓட்டு.

"விலை ஏறினா வித்து லாபம் பார்க்க முடியாதே?" ஆமா, முடியாது. அதனால்தான் அடுத்து வரும் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகும்.

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர மக்கள் 2011-ல் ஓட்டுப் போட்டு முடிவெடுத்தாங்க: 2050-க்குள் வாடகை வீடுகளில் மூன்றில் ஒன்று லாப நோக்கில்லாததாக இருக்கணும். அங்கே அந்த வேலையை முன்னெடுப்பவை கூட்டுறவுச் சங்கங்கள்.

நமக்கும் இது புதுசில்லை. நம் கடற்கரை மீனவர்கள் சங்கம் சேர்ந்து தங்கள் மீனைத் தாங்களே ஏலம் விட்டுக் காட்டியவர்கள்.

நாம் கேட்பது இரண்டு. அரசு நிலத்தை விற்காமல் இப்படிப்பட்ட சங்கங்களுக்கு நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுங்கள். தனிநபருக்குத் தரும் வீட்டுக்கடனைச் சங்கத்தின் பேரிலும் கொடுங்கள்.

உங்க வார்டு கவுன்சிலரிடம் இந்த இரண்டையும் கேளுங்க. பதில் வரும்வரை கேளுங்க!

#கூட்டுறவு_வீடு #குமரி_மாவட்டம்