கையில் கோப்பதும் கையில் கட்டுவதும்



கொஞ்ச நாளாக நம் பள்ளியில் பெண் பிள்ளைகள் கையில் எல்லாம் பிரேஸ்லெட். சாதா பிரேஸ்லெட் இல்லை. சங்கிலியிலோ கயிற்றிலோ குட்டிக் குட்டிச் சாமான்கள் தொங்குமே, அது. கடைக்காரர் அதற்கு 'சார்ம் பிரேஸ்லெட்' என்று பெயர் சொல்கிறார். இதைப் பற்றி எனக்குச் சில கருத்துகள் உண்டு. படித்துவிட்டுக் கோபம் வந்தால் என்னிடம் நேரில் கேளுங்கள். சுவரில் கிறுக்க வேண்டாம். (போன இதழில் பாரதியார் படத்துக்குக் கண்ணாடி மாட்டியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.)

கடையில் முழுசாகக் கோத்து அட்டையில் குத்தி விற்கிறார்களே, அதை வாங்கிப் போடுவதில் என்ன இருக்கிறது? அழகாக இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதில் என்ன தொங்குகிறது என்று பாருங்கள். ஒரு ஈபிள் கோபுரம், ஒரு விமானம், ஒரு குதிகால் செருப்பு, ஒரு கேக். எங்கள் வகுப்பில் ஆறு பேர் அதே மாதிரி போட்டிருக்கிறார்கள். ஆறு பேரும் பாரிசுக்குப் போய்விட்டு வந்தார்களா? நாம் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போய் வந்தாலே ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள்! "சும்மாட்டி, பாக்க நல்லாருக்குல்லா" என்கிறாள் என் பக்கத்தில் இருப்பவள். சரி, நல்லாத்தான் இருக்கு. ஆனால் அது அவளுடையது என்று எப்படிச் சொல்வது? ஆறு பிரேஸ்லெட்டையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி எடுத்தால் யாருடையது எது என்று அவர்களுக்கே தெரியாது.

ஆங்கில டீச்சர் எங்களுக்கு ஒரு படம் காட்டினார்கள். இங்கிலாந்து விக்டோரியா ராணியின் கைச்சங்கிலி அது. 1840ஆம் ஆண்டு மூத்த மகள் பிறந்தபோது ராணியின் கணவர் ஆல்பர்ட் கொடுத்தது. அதில் எனாமல் பூசிய குட்டிக் குட்டி இதயங்கள் தொங்குகின்றன. மொத்தம் 9. ராணிக்குப் பிள்ளைகளும் 9 பேர். ஒவ்வொரு இதயத்துக்குள்ளும் ஒரு பிள்ளையின் தலைமுடி கொஞ்சம் இருக்கிறதாம். கடைசிப் பிள்ளை பிறந்தது 1857இல். அப்படியென்றால் அந்தச் சங்கிலி நிறைய 17 வருஷம் ஆகியிருக்கிறது! நம்மை ஆண்ட ராணி என்பதில் எனக்கு ஒன்றும் பெருமை இல்லை. ஆனால் இந்த விஷயம் பிடித்திருக்கிறது. அவ்வளவு பணம் இருந்தும் 9 இதயத்தையும் முதல் நாளே கோத்திருக்க முடியாது. பிள்ளை பிறந்தால்தான் முடி.

இதை வீட்டில் சொன்னபோது ஆச்சி சிரித்தார்கள். "இதென்ன அதிசயம், ஒன் தம்பி தாயத்துக்குள்ள அவன் தொப்புள்கொடிதான் இருக்கு" என்றார்கள். உண்மைதான். அரைஞாண் கயிற்றில் தாயத்து, கையில் வசம்பு வளையல், கறுப்பு மணி என்று பிறந்த பிள்ளைக்கு நாம் கட்டாததா? தமிழ் ஐயாவும் ஒன்று சொன்னார். சங்கு, சக்கரம், வில், வாள், தண்டு என்ற திருமாலின் ஐந்து ஆயுதங்களையும் சின்னதாகச் செய்து பிள்ளைகள் கழுத்தில் அந்தக் காலத்தில் கட்டுவார்களாம். அதற்கு ஐம்படைத்தாலி என்று பெயர். புறநானூற்றில் 77ஆம் பாட்டில், சின்ன வயதிலேயே போருக்கு வந்த பாண்டியன் நெடுஞ்செழியன் தாலியை இன்னும் கழற்றக்கூட இல்லை என்று புலவர் ஆச்சரியப்படுகிறாராம். அதைப் படிக்கும்போது எனக்கு ராஜா நினைவு வரவில்லை. அதைக் கட்டிவிட்ட அவன் அம்மா நினைவுதான் வந்தது.

இனி என் கயிறு. கடையில் வாங்கியது அல்ல. அம்மாவின் தையல் டப்பாவில் இருந்த நூலை எட்டு இழையாக முறுக்கிச் செய்தது. அதில் நான்கு சாமான்தான் இருக்கிறது.

முதலில் ஓட்டைக் காலணா. ஆச்சி கொடுத்தது. நடுவில் வட்டமாக ஓட்டை உள்ள இந்தக் காசு 1943 முதல் 1947 வரைதான் அச்சடிக்கப்பட்டது. கோத்துக் கட்டுவதற்கு என்றே செய்தது போல இருக்கும். என்னுடையதில் 1944 என்று இருக்கிறது. ஆச்சிக்கு அது அவர்கள் அம்மா கொடுத்தது. இரண்டாவது, அப்பாவின் பழைய சைக்கிள் பூட்டுச் சாவி. சைக்கிளை விற்றாகிவிட்டது. மூன்றாவது, தம்பி கை வளையலில் இருந்த ஒரு கறுப்பு மணி. நாலாவது ஒரு வெள்ளைப் பொத்தான். என்னோடு ஒன்றாம் வகுப்பில் இருந்து ஏழாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் இருந்தவள் கொடுத்தது. அவள் வீட்டில் எல்லோரும் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய்விட்டார்கள். கடைசி நாள் தன் சட்டையில் இருந்து பிய்த்துக் கொடுத்துவிட்டு, ஊக்கு குத்திக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவள் அம்மாவிடம் நிச்சயம் அடி வாங்கியிருப்பாள்.

இந்தக் கயிற்றை நான் கட்டிவந்த இரண்டாம் நாள் ஒரு பையன் கேட்டான், "நீ எங்க ஆளா?" என்று. அவன் காலணாவைப் பார்க்கவில்லை. சாவியைப் பார்க்கவில்லை. நூலின் நிறத்தைத்தான் பார்த்தான். அம்மா டப்பாவில் எந்த நிறம் நிறைய இருந்ததோ அதை நான் எடுத்திருந்தேன். என்ன நிறம் என்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால் கட்டுரையை விட்டுவிட்டு அதைப் பற்றித்தான் பேசுவீர்கள்.

எதற்காக அவன் கேட்டான் என்று உங்களுக்குத் தெரியும். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று சாதிக்கு ஒரு நிறத்தில் கயிறு கட்டுவது நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் புதிது அல்ல. இதை நிறுத்தச் சொல்லி 2019 ஜூலை 31ஆம் தேதியே பள்ளிக்கல்வி இயக்குநரிடம் இருந்து சுற்றறிக்கை வந்தது. 2022 ஏப்ரலில் நம் திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு பள்ளியில் கயிறு சம்பந்தமான சண்டையில் பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன் ஒருவர் இறந்தே போனார். 2023இல் நாங்குநேரியில் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டக்கூடாது என்று அதிலும் இருக்கிறது.

இப்போது நம் பள்ளியிலும் கையில் எந்தக் கயிறும் கூடாது என்று பிரேயரில் சொல்லியாகிவிட்டது. அதனால் பிரேஸ்லெட் போட்ட பிள்ளைகளுக்கு எல்லாம் வருத்தம். "பயலுவ செஞ்சதுக்கு நாம ஏன் கழத்தணும்?" என்கிறார்கள். என் கருத்து வேறு. கழற்றத்தான் வேண்டும். என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஏனென்றால், "இது பிரேஸ்லெட், விட்டுவிடுங்கள்" என்று ஒருத்திக்கு விட்டால், நாளைக்கே வண்ணக் கயிற்றில் ஒரு பாசியைக் கோத்துக்கொண்டு வந்து அதையும் பிரேஸ்லெட் என்பார்கள். கோயில் கயிறு என்று சொல்வதும் அப்படித்தான். உண்மையாகவே கோயிலில் கட்டியவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பார்க்கிற சாருக்கு எது என்ன என்று எப்படித் தெரியும்? என் தம்பி அரைஞாணில் தாயத்து இருக்கிறது. அதைப் பார்த்து யாரும் எந்தத் தெரு என்று கேட்டதில்லை. அது சட்டைக்குள்ளே, அவனுக்காக இருக்கிறது. வண்ணக் கயிறு அடுத்தவன் பார்ப்பதற்காகவே கட்டுவது. அதைக் கட்டியவனிடம் யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று கேட்டுப் பாருங்கள். 'எல்லோரும் கட்டினோம்' என்பதைத் தவிர வேறு பதில் வராது. என் பொத்தான்காரியின் தெருவுக்கும் எங்கள் தெருவுக்கும் வேறு வேறு நிறமாம். ஏழு வருஷம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு அது தெரியவே தெரியாது.

ஆனால் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு, தவறாக நினைக்கக் கூடாது. போன வாரச் சோதனையில் கத்தரிக்கோலால் வெட்டி, வெட்டியதை எல்லாம் குப்பைக்கூடையில் போட்டார்கள். அதில் எட்டாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தியின் வெள்ளிக் கொலுசு முத்து போய்விட்டது. அவளுடைய இறந்துபோன அக்காவின் கொலுசில் இருந்தது அது. சத்துணவு சாப்பிடாமல் கூடையைக் கிளறிக்கொண்டிருந்தாள். கிடைக்கவில்லை. கடையில் வாங்கியது போனால் இன்னொன்று வாங்கலாம், இதை எங்கே போய் வாங்குவது? எனவே வெட்ட வேண்டாம், கழற்றச் சொல்லுங்கள். கழற்றியதைப் பையில் வைக்க ஒரு நிமிஷம் கொடுங்கள். மறுநாளும் கட்டிவந்தால் அப்போது வாங்கி வைத்துக்கொண்டு, அம்மா அப்பா வந்தால் கொடுங்கள்.

தோழிகளுக்குச் சொல்வது: நான் இப்போது என்னுடையதைக் காலி மிட்டாய் டப்பாவில் போட்டு வீட்டில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கட்டிக்கொள்கிறேன். ஐந்தாவது இடம் காலியாக இருக்கிறது. திருச்செந்தூர் கடற்கரையில் சிப்பி பொறுக்கிக் கோக்கலாம் என்று சித்தி சொன்னார்கள். நான் இன்னும் கடலையே பார்த்ததில்லை. பார்த்துவிட்டு வந்து கோப்பேன்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி