மறைவழியும் மக்கள் உரிமையும்

பல்லேகலைக்கு அண்மையிலுள்ள திகனயிலும் தெல்தெனியவிலும் 2018 மார்ச் மாதத்தில் எரிந்த கடைகளையும் வீடுகளையும் இந்நாடு மறந்துவிட முடியாது. இனவெறிக் கும்பல்கள் முஸ்லிம் மக்கள்மீது பாய்ந்த அந்நாட்களில், அரசாங்கம் மார்ச் 6ஆந் திகதி அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்தது; மறுநாள் முகநூல், வாட்ஸ்அப், வைபர் முதலியவற்றை நாடு முழுவதிலும் முடக்கியது. ஒரு கிழமைக்கு மேல் நீடித்த அத்தடையின்போது ‘வி.பி.என்.’ என்னும் மறைவழி பலருடைய கைக்கு வந்தது. அதைப் பாவிப்பது குற்றமா, பாவித்தாற் கண்டுபிடிப்பார்களா என்று அன்று எழுந்த கேள்விகள் இன்றும் நம் மக்களிடையே உலவுகின்றன. அவற்றுக்கு நேரிய விடை கூறுவது நமது கடமையாகும்.

முதலிற் கண்டுபிடிப்பு. மறைவழியாற் செல்லும் செய்தி, பூட்டிய பெட்டியில் இட்ட கடிதத்தைப் போன்றது. தொலைபேசி நிறுவனத்தாற் பெட்டியைத் திறக்க இயலாது. ஆயினும் அது எங்கே போகிறது, எப்போது போகிறது, எவ்வளவு பாரமானது என்பதை நிறுவனம் காணும். பெயர்பெற்ற மறைவழிச் சேவைகளின் முகவரிகள் பலவும் அறியப்பட்டவையே. ஆகவே, ஒருவர் அதைப் பாவிக்கிறார் என்பதைப் பெரும்பாலும் அறியலாம். என்ன பேசினார் என்பதை அவ்வழியில் அறிய முடியாது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின் வந்த தடையில் மறைவழிச் சேவையும் முடக்கத்துக்குத் தப்பவில்லை. இன்னொன்று: தொலைபேசி நிறுவனத்துக்கு மறைத்த போக்குவரவை மறைவழி நடத்துபவர் காண்கிறார். இலவசமாகத் தருபவர் எவரென்று விசாரியாமல் அவரிடம் பெட்டியை ஒப்படைப்பது பேதைமை.

அடுத்துச் சட்டம். மறைவழியைப் பாவிப்பதையே குற்றமாக்கும் சட்டம் எதனையும் நம் பாராளுமன்றம் இயற்றவில்லை. செய்த வேளையிற் குற்றமாக இல்லாத செயலுக்காக எவரையும் குற்றவாளியாக்கலாகாது என்பது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. ஆனால், மறைவழியிற் செய்த குற்றம் குற்றமாகவே நிற்கும். 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றங்கள் சட்டமாயினும், 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமாயினும், சட்டம் பார்ப்பது வழியையன்று, செயலையே.

சட்டத்தை மீறியவர் யார் என்ற கேள்வியை ஆட்சியாளரிடமே திருப்ப வேண்டியிருக்கிறது. 2022 ஏப்ரல் 3ஆந் திகதி, பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின்பேரிற் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அமைச்சுக்கு அத்தகைய அதிகாரமில்லையென மனித உரிமைகள் ஆணைக்குழு சுட்டிக்காட்டியது. அன்றைய அமைச்சர் நாமல் ராஜபக்சவோ, தாமே வி.பி.என். பாவிப்பதாகப் பகிரங்கமாகக் கூறி, இத்தடைகள் பயனற்றவை என்றார். அமைச்சருக்கு ஆகுமானது கமக்காரருக்கு ஆகாதா?

வதந்தி உயிர் குடிக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. 2018ஆம் ஆண்டு வன்செயல்களில் தன் தளம் வகித்த பங்குக்காக முகநூல் நிறுவனமே 2020இல் மன்னிப்புக் கேட்டது. ஆனால், தடை வந்தால் வழி தெரிந்தவன் தப்பிவிடுகிறான். சந்தை விலை கேட்கும் கமக்காரரும், பிள்ளையின் நலம் விசாரிக்கும் தாயுமே அகப்படுகின்றனர். கும்பலுக்கு அஞ்சி உதவி கோருபவரின் குரலும் அடைபடுகிறது.

ஆகவே நாம் கோருவது இது: தடை விதிப்பதாயின், அதன் காரணமும் கால எல்லையும் கட்டளையிட்ட அதிகாரியும் வர்த்தமானியில் வெளிவர வேண்டும், நீதிமன்றம் அதனை உடனே பரிசீலிக்க வழி வேண்டும். வெறியைத் தூண்டுபவனைச் சட்டத்தின் முன் நிறுத்துக; ஊரார் வாயைக் கட்டாதிருக்க!