பிள்ளைக்கு ஒரு முற்றம் வேண்டும்

அண்மையில் வலிகாமம் வடக்கில் மீள்குடியேறிய ஒரு கிராமத்தின் முன்பள்ளிக்குச் சென்றிருந்தோம். இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்தார்கள். பெரும்பாலானவற்றில் கிறீம் பிஸ்கற், சிலவற்றில் கடைப் பணிஸ். ஒரே ஒரு பிள்ளையிடம் மட்டும் தேங்காய்ப்பூப் போட்ட அவித்த பயறு இருந்தது. சாப்பிட்டு முடிந்ததும் எல்லோரும் மீண்டும் பாயில் இருந்து 'அ' எழுதத் தொடங்கினார்கள். வெளியே வேப்பமர நிழலில் நல்ல மணல் முற்றம் வெறுமையாகக் கிடந்தது.

ஏன் விளையாட விடவில்லை என்று ஆசிரியையிடம் கேட்டோம். "எழுத்துப் படிப்பிக்காட்டில் தாய்மார் குறை சொல்லுகினம் சுவாமி. விழுந்து முழங்கால் உரஞ்சுப்பட்டாலும் குறைதான்" என்றார்.

எந்தத் தாயையும் குற்றஞ்சாட்ட நாம் இதை எழுதவில்லை. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை நாம் அறிவோம். 1990இல் காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலிப் பகுதி மக்கள் செம்மண் தோட்டங்களையும் கிணறுகளையும் விட்டு வெளியேறினார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே தென்மராட்சியை நோக்கி நடந்தது. அதன் பின்னரும் பல குடும்பங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் காலம் கழித்தன. மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டது 2017இல்தான். காணிகள் எல்லாம் ஒரே நாளில் திரும்பக் கிடைக்கவும் இல்லை.

அந்த ஆண்டுகளில் எமது அடுப்புகளுக்குக் கிடைத்தவை நிவாரண அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி. முருங்கைத் தடி ஒன்று ஊன்றுவதற்கும் சொந்த நிலம் இருக்கவில்லை. கொட்டிலோடு கொட்டில் ஒட்டியிருந்த இடத்தில் பிள்ளை ஓடினால் அயலுக்கு இடைஞ்சல். "ஓடாதே, ஓரிடத்தில் இரு" என்று சொல்லித்தான் வளர்க்க வேண்டியிருந்தது. அப்படி வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று முன்பள்ளிப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார். பிள்ளைக்கு என்ன ஊட்டலாம், எப்படி ஓடவிடலாம் என்பது அம்மம்மாவுக்குத் தெரியும். அதைப் பார்த்துப் பழக மகளுக்கு அடுக்களையும் இல்லை, முற்றமும் இல்லை. இழந்த காணிக்கு உறுதி உண்டு, அதைக் காட்டிக் கேட்கலாம். இந்த அறிவுக்கு உறுதி எதுவும் இல்லை. அம்மம்மாமார் இருக்கும்போதே நாம் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எமது கருத்து இதுவே.

பொரியரிசிமா, உழுத்தம்மாக் களி, குரக்கன் பிட்டு, எள்ளுருண்டை, முருங்கையிலை வறை, மரக்கறியும் மீனும் போட்ட ஒடியற்கூழ் என்பன பழங்காலத்து ஏழைச் சாப்பாடு என்று சிலர் நினைக்கிறார்கள். குரக்கனில் அரிசியிலும் பார்க்கப் பல மடங்கு கல்சியம் உண்டு. முருங்கையிலையில் இரும்புச்சத்தும் கண்ணுக்கு வேண்டிய உயிர்ச்சத்தும் உண்டு. வறைக்குச் சிறிது தேசிக்காய்ப் புளி விட்டால் அந்த இரும்பு உடலில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுத்தால் சேர்வது குறையும். தானியமும் பருப்பும் சேரும்போது புரதம் நிறைவாகிறது. 1973இல் தொடங்கிய திரிபோஷாவில் சோளத்தோடு சோயாவைச் சேர்த்ததும் இதற்காகத்தான். எமது அம்மம்மாமார் அரிசியோடு பயறும் உழுந்தும் வறுத்து இடித்தபோது அதே வேலையைத்தான் செய்தார்கள். கிளினிக்கில் மருத்துவமாது திரிபோஷா தந்தால் அது அந்தப் பிள்ளைக்கே சேரட்டும், வீட்டார் எல்லோரும் பங்கிட வேண்டாம்.

சாப்பாட்டைப் போலவே ஓட்டமும் தேவை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடல் அசைவு வேண்டும், அதில் ஒரு மணித்தியாலமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் அறிவுறுத்தியது. கைத்தொலைபேசி, தொலைக்காட்சி பார்ப்பது ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது என்றும் சொன்னது. சோறு ஊட்டுவதற்காகக் கைத்தொலைபேசியைக் கொடுக்கும் வீடுகள் இன்று எத்தனை! ஓடி விளையாடிய பிள்ளைக்குப் பசிக்கும். பசித்த பிள்ளைக்குக் கைத்தொலைபேசி காட்டிச் சோறு ஊட்டத் தேவையில்லை.

இதற்கு விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். பனங்காய் வண்டில், பழைய ரயர், மரக்கிளையில் ஓர் ஊஞ்சல், ஒளிச்சுப் பிடிச்சு விளையாட நாலு தோழர் போதும். கத்தரிக் கன்றுக்குப் பேணியால் தண்ணீர் ஊற்றுவதும் பிள்ளைக்கு விளையாட்டுத்தான். பெண் பிள்ளைகளையும் ஆண் பிள்ளைகளைப் போலவே ஓடவிடுங்கள். எழுத்து பிந்திவிடும் என்று பயப்படாதீர்கள். மண் பிசைந்து, கிளையில் தொங்கிப் பலப்பட்ட கைதான் பென்சிலையும் உறுதியாகப் பிடிக்கும்.

வேறு சில பயங்கள் நியாயமானவை. நெடுங்காலம் ஆளில்லாமல் கிடந்த வளவுகளில் கட்டில்லாத கிணறுகளும் பற்றைகளும் இருக்கின்றன. கிணற்றுக்கு வேலியடையுங்கள், பற்றையை வெட்டுங்கள். கண்ணிவெடி அகற்றியதாக உரியவர்கள் அறிவித்த நிலத்தில் மாத்திரம் பிள்ளைகளை விடுங்கள். ஆபத்து நீங்கிய பின்னரும் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டிவைத்தால் முகாம் வாழ்க்கையை நாமே நீடிப்பதாகும்.

ஒவ்வொரு முன்பள்ளியின் பெற்றோர் கூட்டத்திலும் மூன்று தீர்மானங்களை எடுக்கும்படி கேட்கிறோம். நாள்தோறும் ஒரு மணித்தியாலம் பிள்ளைகள் முற்றத்தில் இருக்க வேண்டும். பிஸ்கற் பைகளை நிறுத்தி, தாய்மார் முறை வைத்துப் பயறு, கௌபி, கிழங்கு, பப்பாசிப்பழம் கொடுக்க வேண்டும். மாதத்தில் ஒரு நாளாவது அம்மம்மாமாரை அழைத்து, அவர்கள் சமைக்க இளம் தாய்மார் பக்கத்தில் நின்று பழக வேண்டும்.

இன்னும் வாடகை வீட்டிலும் பிறர் காணியிலும் இருப்போரை நாம் மறக்கவில்லை. உரப்பையில் மண் நிரப்பி முளைக்கீரை போடலாம். ஆனால் பிள்ளை ஓடுவதற்கு உரப்பை போதாது. வாசிகசாலை முன்றல்களும் கோயில் வளவுகளும் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குத் திறந்திருக்க வேண்டும். இதை முதலில் எமக்கே சொல்லிக்கொள்கிறோம். பூங்கன்று மிதிபடும் என்று எமது வளவுப் படலைகளையும் நாம் பூட்டித்தான் வைத்திருக்கிறோம்.

காணி முழுவதும் எப்போது கைக்கு வரும் என்பது எமது கையில் இல்லை. அதுவரை பிள்ளையின் வயது காத்திருக்காது. நாளைக் காலையே பெட்டியில் ஒரு பிடி அவித்த பயறு வைத்து, முற்றத்தில் ஓடி விளையாடவிட்டுத் தொடங்குவோம்.