மஞ்சளும் கருஞ்சீரகமும் கண் கிளினிக்கும்



என்னிடம் ஓதும் மாணவர் ஒருவரின் உம்மா சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு விளக்கம் கேட்டார். அவருக்கு 12 வருடங்களாகச் சீனி வருத்தம். "மௌலவி, தினமும் கருஞ்சீரகமும் மஞ்சளும் குடிக்கிறேன். கண்ணும் நன்றாகத்தான் தெரிகிறது. இனியும் கண் கிளினிக்குக்குப் போகத்தான் வேண்டுமா?" என்றார். நான் கருஞ்சீரகத்தின் சிறப்பை விரிவாகச் சொன்னேன். கிளினிக்கைத் தவறவிட வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

அடுத்த வருடம் ஒரு நாள் காலையில் அவருடைய வலது கண்ணுக்குள் கரிப்புகை போல ஏதோ பரவியது. உள்ளே இரத்தம் கசிந்திருந்தது. அந்தக் கண்ணில் பார்வை முழுமையாகத் திரும்பவில்லை. என் அந்த மறதிக்காகவே இதை எழுதுகிறேன்.

சீனி நீண்ட காலம் கூடியிருந்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடைகின்றன. ஒட்சிசன் போதாத விழித்திரை ஒரு வகைப் புரதத்தைச் சுரக்கிறது. அதன் தூண்டுதலால் புதிய குழாய்கள் முளைக்கின்றன. அவை வலுவற்றவை, எளிதில் உடைந்து கசியும். நோய் முற்றும் வரை வலியோ மங்கலோ இல்லாமலும் இருக்கலாம். "நன்றாகத் தெரிகிறது" என்பது இங்கே ஆதாரமாகாது.

புற்றுநோய்க் கட்டிகளும் இவ்வாறு புதிய குழாய்களை வரவழைத்தே வளர்கின்றன என்று அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் ஜூடா போக்மன் 1971இல் எழுதினார். அதன்பின் இக்குழாய்களைத் தடுக்கும் பொருட்களைத் தாவரங்களிலும் தேடினார்கள். மஞ்சளிலுள்ள குர்குமின் அவற்றைத் தடுப்பதாக 1998இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பச்சைத் தேயிலைச் சாயம் குடித்த எலிகளின் கண்ணில் புதிய குழாய்கள் குறைவாகவே வளர்ந்தன என்று 1999இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் கண்டனர். கருஞ்சீரகத்திலுள்ள தைமோகுயினோன் பற்றியும் 2008இல் இத்தகைய முடிவு வந்தது.

மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் இவை ஆய்வுகூடத்துக் கலங்களிலும் எலிகளிலும் கண்டவை. நாம் உண்ணும் மஞ்சளிலுள்ள குர்குமின் மிகச் சொற்பமாகவே இரத்தத்தில் கலக்கிறது. இம்மூன்றில் எதுவும் கண் வைத்தியத்தில் லேசருக்கோ ஊசி மருந்துக்கோ பதிலாக ஏற்கப்படவில்லை.

நபிமொழியை நான் குறைத்துப் பேசுவதாக எவரும் எண்ண வேண்டாம். கருஞ்சீரகம் பற்றிய ஹதீஸின் சொல் பொதுவாக இருந்தாலும், குறிப்பிட்ட வகை நோய்களையே அது கருதுகிறது என்று இமாம் கத்தாபீ (ரஹ்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். நோய் வந்தால் மருந்து செய்யும்படி பணித்தவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம். அப்படியிருக்க, ஒரு மருந்தைக் காட்டி மற்றொன்றைக் கைவிடுவது எப்படிச் சுன்னத்தாகும்?

ஆகவே சகோதரிகளே, கறிக்கு மஞ்சள் போடுங்கள், தேநீர் குடியுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது கண்ணுக்கு மருந்து விட்டுச் செய்யும் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். சீனியையும் பிரஷரையும் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள். மூலிகை எதைக் குடித்தாலும் டொக்டரிடம் மறைக்காதீர்கள்; சில மூலிகைகள் சீனி மாத்திரையோடு சேர்ந்து சீனியை அளவுக்கு மீறிக் குறைத்துவிடும்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை. புதிய இரத்தக் குழாய்கள் எல்லாமே தீயவை அல்ல. வயிற்றிலுள்ள பிள்ளை வளர்வதும், காயம் ஆறுவதும் அவற்றால்தான். ஆகவே மூலிகைச் சாற்றைச் செறிவாக்கி விற்கும் மாத்திரைகளை டொக்டரைக் கேளாமல் எடுக்காதீர்கள். ஏற்கனவே சீனி வருத்தம் உள்ளவர் கருவுற்றால் கண் நோய் விரைவாகக் கூடலாம். தொடக்கத்திலேயே கண்ணைக் காட்டிக்கொள்ளுங்கள்.

அந்த உம்மாவின் இடது கண், அல்ஹம்துலில்லாஹ், லேசர் சிகிச்சையால் காப்பாற்றப்பட்டது. இன்றும் அவர் கருஞ்சீரகம் குடிக்கிறார். கிளினிக் கொப்பியையும் மறப்பதில்லை. உங்கள் வீட்டில் சீனி வருத்தம் உள்ள உம்மாவோ மாமியோ இருந்தால், கடைசியாக எப்போது கண்ணைக் காட்டினார்கள் என்று இன்றே கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அதுதான்.